நல்லதங்காளுக்கு எத்தனை பிள்ளை வேண்டும்?

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் நாத்தனாருக்கும் மதினிக்கும் முட்டிக்கொண்டால், மூன்றாவது வாக்கியத்திலேயே ‘மூளி அலங்காரி’ வந்துவிடுவாள். திட்டுகிறவளும் திட்டு வாங்குகிறவளும் கதையை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பெயர் போதும். ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

நல்லதங்காள் கதையைத்தான் சொல்கிறேன். கூத்தாக ஆடினார்கள், பாட்டாகப் பாடினார்கள், ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாகப் போட்டு சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றார்கள். 1935-ல் சினிமாவாக எடுத்தார்கள், 1955-ல் மறுபடி எடுத்தார்கள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயிலும் கிணறும் இன்றும் இருக்கின்றன. இத்தனை தலைமுறையாக இத்தனை பேரை அழவைத்த கதை தமிழில் அதிகம் கிடையாது.

அழுதது சரி. எதற்காக அழுதோம் என்பதை இந்த வாரம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மானாமதுரை காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். ஏழு பிள்ளைகள். பன்னிரண்டு வருஷம் மழை பொய்க்கிறது. பசி தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் இல்லாத நேரம். மதினி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பிறகு, சமைக்கவே முடியாதபடி பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுத்து அவமானப்படுத்துகிறாள். மனம் வெறுத்த நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பாழுங்கிணற்றில் போடுகிறாள். மூத்தவன் மட்டும் ‘என்னை விட்டுடும்மா’ என்று கெஞ்சுகிறான். அவனையும் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

மூத்தவன் கெஞ்சுகிற இடத்தில்தான் கூத்துக் கொட்டகை மொத்தமும் அழும். ஆனால் அழுது முடித்து எழுந்து போகும்போது எல்லோர் வாயிலும் வருவது ஒரே பெயர்: பாவி, மூளி அலங்காரி.

இங்கேதான் என் முதல் புகார். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. ஊரே சாகிறது. காசிராஜன் ராஜா. அவன் களஞ்சியத்தில் என்ன இருந்தது, கண்மாய்களை ஆழப்படுத்தினானா, குடிகளுக்குக் கஞ்சி ஊற்றினானா என்று கதை அவனைக் குடைந்து விசாரிப்பதில்லை. ஏழு பிள்ளை பெற்றவனும் அவன்தான், நாட்டை ஆண்டவனும் அவன்தான். தீர்ப்பு மட்டும் ஒரு சமையலறையில், ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. ஒரு தேசத்துப் பஞ்சத்தை மதினியின் கெட்ட குணமாகச் சுருக்கித் தருவதில் இந்தக் கதைக்கு நிகர் கிடையாது.

இரண்டாவது புகார் இன்னும் முக்கியமானது. ஏழு பிள்ளை என்பது கதையில் ஒரு அலங்காரம். ஏழும் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளா? பஞ்சம் தொடங்கிய பிறகும் பெற்றாளா? அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் அம்மையிலும் பேதியிலும் போய்விடும் என்ற பயத்தில் சேர்த்துப் பெற்றாளா? கதை கேட்பதில்லை. நல்லதங்காளுக்குப் பிள்ளைகள் ‘இருக்கின்றன’. அவளுக்கு விருப்பம் என்று ஒன்று இருந்ததாகவே கதைக்குத் தெரியாது.

‘அட, நாட்டுப்புறக் கதையில் போய் இதையெல்லாம் தேடலாமா?’ என்பீர்கள். தேட வேண்டும். ஏனென்றால் இயற்கை கைவிட்ட நேரத்தில் ஒரு தாயின் பிள்ளை ஆசைக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பிரபலமான கதை இதுதான். அரசாங்கம் திட்டம் போட்டாலும், பத்திரிகைக்காரர்கள் படம் போட்டாலும், தலைவர்கள் மேடையில் பேசினாலும் இதன் நிழல் அதில் விழுகிறது.

கதையில் வருவது எந்தப் பஞ்சம் என்று தெரியாது. நமக்குக் கணக்கு கிடைக்கிற பஞ்சம், 1876-78 தாது வருஷப் பஞ்சம். மதுரை ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் 22 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். 1881-ல் 21 லட்சத்து 68 ஆயிரம் சொச்சம். பத்து வருஷத்தில் வளர்ந்திருக்க வேண்டியதையும் தின்று, இருந்ததிலும் ஏறக்குறைய ஒரு லட்சத்தைப் பஞ்சம் கொண்டுபோனது. செத்தவர்கள் பாதி என்றால், கண்டிச் சீமைக்குக் கப்பலேறியவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் மீதி. இன்னொரு கூட்டமும் இந்தக் கணக்கில் உண்டு. பிறக்காமலே போன பிள்ளைகள்.

பஞ்சத்தில் பிறப்பு குறைவதற்குத் தாயின் மனசு காரணமாக இருக்க வேண்டியதில்லை. உடம்பே கதவைச் சாத்திவிடும். வயிற்றுக்கு இல்லாதவளுக்குத் தீட்டு நின்றுவிடும், கரு தங்காது. புருஷன் வேலை தேடி ஒரு திக்கு, பெண்டாட்டி ஒரு திக்கு. 1877-ல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். பெண்ணுக்கு அதிலும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இது உயிர் தரிக்கவே போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தக் கூலியில் பிள்ளை ஆசைக்கு எங்கே இடம்?

அடுத்த பத்து வருஷத்தைப் பாருங்கள். 1891-ல் அதே மதுரை ஜில்லாவில் 26 லட்சம் பேர். ஒரே பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. போனவர்கள் சிலர் திரும்பினார்கள், உண்மை. நல்ல மழையில் சாவு குறைந்தது, அதுவும் உண்மை. ஆனாலும் காலியான தொட்டில்கள் மறுபடி ஆடின என்பதும் இந்த எண்ணுக்குள் இருக்கிறது. நம் கதையோ கிணற்றோடு முடிகிறது. சில இடங்களில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். பஞ்சத்தைத் தாண்டி உயிரோடிருந்து, அதற்கப்புறம் ஒரு பிள்ளையைப் பெற்ற பெண்ணுக்குப் பாட்டு இல்லை. அவள்தான் நம் பாட்டிக்குப் பாட்டி.

அவளுக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. தாது வருஷத்துச் சாவுகளுக்குப் பிறகுதான் நெடுநாள் பேச்சாகவே இருந்த பெரியாறு அணை வேகம் பிடித்தது. 1895-ல் தண்ணீர் மதுரைப் பக்கம் திரும்பியது. தேனிப் பக்கம் இன்றைக்கும் பிள்ளைக்குப் பென்னிகுக் என்று பெயர் வைக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற தைரியம் இருந்தால்தான் தொட்டில் கட்டத் தோன்றும் என்பதை அந்தச் சனங்கள் ஒரு பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

*

இப்போது வைகைச் சமவெளியை விட்டு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். நல்லதங்காளுக்கு நேர் எதிரான ஒரு தாயை அங்கே பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் செத்தார்கள். அதில் 6 ஆயிரத்துக்கும் மேல் நாகை மாவட்டத்தில். பள்ளிக்கூட விடுமுறை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற குப்பங்களில் பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்த நேரம்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நர்ஸம்மா சொன்னபடி, சுவரில் எழுதியிருந்தபடி, இரண்டு பெற்றதும் நிறுத்திக்கொண்டவர்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் அந்தத் தாயின் இழப்பு புரியும். பிள்ளைகள் சாகும் காலத்தில் தாய் சேர்த்துப் பெறுகிறாள். ஏழு பெற்றால் நாலாவது தங்கும் என்ற கணக்கு. தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் வந்து, பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஊன்றியதும், இரண்டு போதும் என்று நிறுத்துகிறாள். தமிழ்நாட்டின் சின்னக் குடும்பம் வெறும் பிரசாரத்தால் வந்ததில்லை. ‘என் பிள்ளை சாகாது’ என்று லட்சக்கணக்கான தாய்மார்கள் அரசாங்கத்தையும் காலத்தையும் நம்பியதால் வந்தது.

பேரிடர் இந்த இரண்டு கணக்கையும் உடைக்கிறது. ஏழு பெற்றவளுக்குப் பஞ்சத்தில் ஏழு வாயாகிவிடுகிறது. இரண்டு பெற்றவளுக்கு ஒரே அலையில் ஒன்றும் இல்லாமல் போகிறது. அப்புறம் பெறலாம் என்றால் வழியை வெட்டிக் கட்டியாகிவிட்டது.

தமிழக அரசு 2005-ல் ஒரு காரியம் செய்தது. பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு, வெட்டிய கருக்குழாயை மறுபடி சேர்க்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்துதர முன்வந்தது. நல்ல காரியம். ‘எனக்கு மறுபடி ஒரு பிள்ளை வேண்டும்’ என்று ஒரு தாய் சொல்வதை ஓர் அரசாங்கம் காதில் வாங்கியது சின்ன விஷயமில்லை. நல்லதங்காளுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆனால் அது சட்டையில் அறுந்த பொத்தானைத் தைப்பது போன்ற வேலை இல்லை. மிச்சம் எவ்வளவு குழாய் இருக்கிறது, எப்படி வெட்டினார்கள், அவளுக்கு என்ன வயசு என்பதைப் பொறுத்துத்தான் பலன். முப்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு வாய்ப்பு இறங்கிக்கொண்டே போகும். சேர்த்த குழாயிலேயே கரு தங்கி உயிருக்கு ஆபத்தாகிற சங்கதியும் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டு, மாதாமாதம் காத்திருந்து, ஒன்றும் ஆகாமல் போனவளுக்கு அது இரண்டாவது இழப்பு.

அவள் நம் பத்திரிகைகளில் வரவில்லை. வந்தது வேறு படம். ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் கடலைப் பின்னணியாக வைத்து, கையில் குழந்தையோடு சிரிக்கிற ஓர் அம்மா. ‘கடல் எடுத்ததைக் கடவுள் கொடுத்தார்’ என்கிற பாணியில் ஒரு தலைப்பு. சிவபெருமான் வந்து எழுப்பிவிடுகிற அதே முடிவு. செத்த பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பிடித்த குழம்பு இருந்தது, பயம் இருந்தது, பிடிவாதம் இருந்தது. புதுப் பிள்ளை அதன் ‘பதில்’ ஆகாது. ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பிறந்த பிள்ளைக்கும் செத்த பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் செய்கிற அநியாயம். உடைந்த படகுக்கு மாற்றுப் படகு கொடுக்கலாம். பிள்ளையை நிவாரணப் பட்டியலில் சேர்க்க முடியாது.

சரி, அப்படியானால் அந்தத் தாய் ஏன் மறுபடி பெற ஆசைப்பட்டாள்? மடி காலியாகிவிட்ட வேதனை. ‘உன்னால் இந்த வீட்டுக்கு இனி வாரிசு இல்லை’ என்று மாமியார் சொல்லாமல் சொல்லும் பார்வை. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொள்வானோ என்ற பயம். வயசான காலத்தில் யார் கஞ்சி ஊற்றுவது என்ற கவலை. எல்லாவற்றையும் மீறி, வெறுமே ஒரு பிள்ளையை வாரி எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசை. இதில் எது எத்தனை பங்கு என்று வெளியில் இருக்கிற நாம் பிரித்துப் பார்க்க முடியாது. அவளாலேயே முடியாது. அதனால்தான் அவளுக்கு அவகாசமும், தனியாக உட்கார வைத்து ‘உனக்கு என்ன தோணுது தாயி?’ என்று கேட்கிற ஒரு ஆளும் தேவை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் அந்த ஆள் இருக்க வேண்டும்.

அதே சுனாமி இந்தோனேசியாவின் ஆச்சேயையும் நாசமாக்கியது. அங்கே ஜென்னா நோபிள்ஸ், எலிசபெத் ஃபிராங்கன்பர்க், டங்கன் தாமஸ் ஆகியோர் பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு பிறப்பு கூடியது. பிள்ளையை இழந்த தாய்மார் மறுபடி பெறுவது கணிசமாகவே அதிகரித்தது. ஆனால் மொத்த உயர்வில் அவர்களால் வந்தது சுமார் 13 சதவீதம்தான். மற்றொரு முக்கியமான வழி, அதுவரை பிள்ளையே இல்லாத பெண்கள். சாவு அதிகமாக விழுந்த ஊர்களில் அவர்கள் முன்னதாகவே பெறத் தொடங்கினார்கள். தன் வீட்டில் ஒரு உயிரும் போகாத பெண்ணும், ஊரின் காலியிடத்தைத் தன் உடம்பில் உணர்ந்திருக்கிறாள். இதைப் படித்தபோது, பிள்ளை ஆசையை ‘தனிப்பட்ட விஷயம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது என்று எனக்குப் பட்டது. ஊர் துக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஊர் பேச்சுக்கும் உண்டு.

சீனாவில் 2008 மே மாதம் சிச்சுவான் பூகம்பம். பள்ளிக்கூடங்கள் இடிந்து பிள்ளைகள் செத்தார்கள். ஒரு பிள்ளைதான் பெறலாம் என்ற சட்டம் இருந்த தேசம். அந்த ஒன்றும் போனவர்கள் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அதே மாதம் செங்டு நகர நிர்வாகம் அறிவித்தது. அங்கே அனுமதி, இங்கே ஆபரேஷன். இரண்டு இடத்திலும் தாயின் மடிக்கான சாவி அரசாங்கத்தின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் சினிமா இதை எப்படிப் பார்த்தது? ‘தசாவதாரம்’ 2008-ல் வந்தது. கமல்ஹாசனின் பத்து வேஷத்தை எல்லோரும் எண்ணினார்கள். கடைசியில் சுனாமி வருகிறது, உப்புத் தண்ணீர் கிருமியைக் கொன்று ஊரைக் காப்பாற்றுகிறது. அலையில் பிள்ளை போன தாய்மார் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் ஒரு இடம் இருக்கிறது. என்றைக்கோ மகனைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய கிருஷ்ணவேணிப் பாட்டி, செத்துக்கிடக்கிற பூவராகனைத் தன் மகன் ஆராவமுதன் என்று கட்டிக்கொண்டு அழுகிறாள். சாதி பார்க்கிறவர்கள் தொடத் தயங்கும் உடம்பு அது. பெறாத பிள்ளையையும் மடியில் போட்டுக்கொள்கிற ஆசையை அந்த ஒரு நிமிஷம் சரியாகவே பிடித்துவிட்டது. குறை என்னவென்றால், அப்படி ஆசைப்படுகிறவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்று சினிமா நினைத்ததுதான்.

நிஜத்தில் பைத்தியம் தேவைப்படவில்லை. நாகையில் மூன்று பிள்ளைகளையும் சுனாமிக்குக் கொடுத்த ஒரு தம்பதி, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். பிற்பாடு அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. அதற்காக வீட்டுப் பிள்ளைகள் வெளிப் பிள்ளைகள் ஆகிவிடவில்லை. தாயின் ஆசைக்கு ஆஸ்பத்திரி வழி ஒன்றுதான் என்று யார் சொன்னது?

*

கதைக்கு வருவோம். நல்லதங்காளுக்கு ஏழு போதும் என்றோ, வேண்டாம் என்றோ சொல்ல வழியில்லை. நாகைத் தாய்க்கு இரண்டு போதும் என்று முடிவெடுக்க வழி கிடைத்தது. ஆனால் திரும்பிவரும் வழி இல்லாத முடிவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் அளவில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்ட கணக்கு 0.1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒருத்தர்! அதுவும் பெரும்பாலான பெண்கள் முப்பதைத் தொடுவதற்கு முன்பே. காப்பர்-டி போல, வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய வழிகளை நாம் பின்வரிசையில் வைத்துவிட்டோம். கடல் ஒருநாள் பொங்கும், பள்ளிக்கூடம் ஒருநாள் இடியும் என்பதையெல்லாம் விடுங்கள். ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில் இருக்கும் மனசு முப்பத்திரண்டில் மாறலாம் என்ற சாதாரண உண்மைக்குக்கூட இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எம்.பி. இடம் குறையும் என்ற கவலையில், 2025 மார்ச்சில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில், உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களை வாழ்த்தினார். எந்த ஊரில் தெரியுமா? நாகப்பட்டினத்தில். தொகுதிக் கவலை நியாயமானதுதான். டெல்லி சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிய மாநிலத்துக்குத் தண்டனை கூடாது. அதற்கு டெல்லியோடு சண்டை போடலாம், போட வேண்டும். கடல் எடுத்தபோது குழாயைச் சேர்த்துக்கொடுத்த ஊரில், எம்.பி. இடத்துக்காகவும் மடியைத் திறக்கச் சொல்வதுதான் உறுத்துகிறது. அன்றைக்குப் போதும் என்றதும் நாம்தான், இன்றைக்குப் பெறு என்பதும் நாம்தான்.

மதுரை ஜில்லாவில் எங்காவது அடுத்த முறை நல்லதங்காள் கூத்து நடந்தால், வாத்தியாருக்கு ஒரு யோசனை. கிணற்றடிக் காட்சியை மாற்ற வேண்டாம். மூத்தவன் கெஞ்சட்டும், சனம் அழட்டும். அதற்கு முன்னால், மானாமதுரையை விட்டுக் கிளம்பும் இடத்தில், கட்டியக்காரனை விட்டு இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். காசிராஜனிடம், ‘ராஜா, கண்மாய் ஏன் தூர்ந்து கிடக்கு?’ நல்லதங்காளிடம், ‘தாயி, உனக்கு எத்தனை பிள்ளை வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா?’

கொட்டகை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். பரவாயில்லை. அவள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.